முகம் திருப்பிய லென்ஸ்

காற்றே இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அணுக்கள் கூட்டமாக வரும். லேசர் ஒளி அவற்றைக் குளிரவைத்து, ஒளியாலேயே ஆன குழிகளில் ஆளுக்கொன்றாக அசையாமல் உட்காரவைக்கும். பெட்டிக்கு மேலே ஒரு லென்ஸ் இருந்தது. அந்த அணுக்களைப் படம்பிடிப்பது அதன் வேலை.

ஆனால் படம்பிடிக்க வேறொரு வெளிச்சம் அடித்தால் அணுக்கள் சூடாகிச் சிதறிப்போகும். லென்ஸுக்கு அது பொறுக்காது. "மன்னிச்சுக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் விழுகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். படத்தில் வெறும் மூட்டம்தான் இருக்கும்.

ஒருநாள் ஓரத்துக் குழியில் இருந்த அணு கேட்டது. "எதுக்குக்கா மன்னிப்பு? நீ பாக்காட்டியும் நான் போகத்தான் போறேன். இத்தனை நாளும் கூட்டத்தோட கூட்டமா ஓடிக்கிட்டே இருந்தேன். இப்பதான் ஓர் இடத்துல உக்காந்திருக்கேன். ஒரே ஒரு தடவை என்னை நல்லாப் பாரேன்."

வெளிச்சம் விழுந்தது. லென்ஸ் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பார்த்தது. மூட்டம் விலகி, ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

"தெரியுறடி! தனியா, அழகாத் தெரியுற!"

"ரொம்ப நன்றிக்கா. மனசு குளிர்ந்துபோச்சு" என்றது, சூடேறிக்கொண்டிருந்த அணு. "போயிட்டு வரேன்."

போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்பது லென்ஸுக்குத் தெரியும். ஆனாலும் "போயிட்டு வா" என்றது.

சற்று நேரத்தில் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்தது. அணுக்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மச்சம்கூட வித்தியாசம் இருக்காது. லென்ஸ் இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு குழியாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டது:

"வந்துட்டியா?"