வாலண்டைன் அங்கிளின் தூண்டில்

"அந்தக் குச்சியை இங்க குடு தம்பி, நான் பார்க்கறேன்" என்று கையை நீட்டினார் கெர்ட்ரூட் ஆன்டி.

லோகனுக்குச் சுருக்கென்றது. கேட்ட மாதிரி தூண்டில் கட்டித் தருகிற கடை அவனுடையது. கிள்ளான் பட்டணத்தில், டயர் கடைக்கு மேல்மாடி. அங்கே வருகிற ஆம்பளைகள் வெறும் குச்சி கைக்கு வந்ததுமே குழந்தையாகிவிடுவார்கள். வளைத்துப் பார்ப்பார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள், இல்லாத மீனை இழுத்துப் பார்ப்பார்கள்.

ஆனால் ஆன்டியின் புருஷன் வாலண்டைன் அங்கிள்? குடியிருக்கிற தாமான் பூரா 'மீன் பைத்தியம்' என்று பேரெடுத்த மனுஷன். தன் தூண்டிலுக்கான குச்சியைத் தொடக்கூடக் கொடுத்து வைக்காமல், மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். பாவம்!

"இது ரொம்ப விறைப்பு. நுனி இன்னும் கொஞ்சம் வளையணும்" என்றார் ஆன்டி.

"அங்கிள், உங்களுக்கு எப்படி வேணும்?"

"அவ சொல்றதுதான் லா" என்றார் அங்கிள், தலையைத் தூக்காமலே.

அடுத்து, குச்சி நெடுகத் தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்கள். ஆன்டி ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே பஞ்சை விட்டுச் சுற்றினார். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும். ஒன்றில் சிக்கியது.

"இதை மாத்து."

யூடியூப் பார்த்துவிட்டு வந்து நம் உயிரை வாங்குகிறாரே என்று லோகன் பல்லைக் கடித்தான்.

"பிடி மெல்லிசாப் போடு."

"அங்கிளுக்குக் கை பெருசு ஆன்டி."

"பரவாயில்ல. வளையத்தைச் சுத்திக் கட்டற நூல் கத்தரிப்பூ கலர்ல போடு."

"ஆம்பளை தூண்டிலுக்கா?"

"ஏன், மீனு பார்த்துச் சிரிக்குமா?"

லோகன் டேப்பை எடுத்து அங்கிளின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தான். பின்பிடி ஆளுடைய கைக்குக் கணக்காக இருக்க வேண்டும். நீளம் கூடினால் வயிற்றில் இடிக்கும், குறைந்தால் கை கடுக்கும்.

"அதுல மூணு இன்ச் குறைச்சிடு" என்றார் ஆன்டி.

"அங்கிளுக்குக் கை வலிக்குமே!"

"அதெல்லாம் வலிக்காது. நீ சொன்னதைச் செய்."

அங்கிள் மெல்ல எழுந்தார். "நான் போயி காரை எடுக்கறேன்" என்று படியிறங்கிவிட்டார்.

லோகனுக்கு வயிறு எரிந்தது. இந்த மனுஷன் மீனையாவது நிம்மதியாகப் பிடிக்கக் கூடாதா? கட்டின பெண்டாட்டிக்கு இதிலுமா அதிகாரம்? ஆனது ஆகட்டும் என்று துணிந்து, அங்கிளின் கைக்கே கட்டினான். பருத்த பிடி, முழு நீளம். நூலை மட்டும் கத்தரிப்பூ கலரிலேயே விட்டான். அதை மாற்றுகிற அளவுக்குத் தைரியம் வரவில்லை.

கட்டி முடித்ததும், தூண்டிலை வாங்கிப் போக இரண்டு பேரும் வந்தார்கள். ஆன்டி ஆசையாகக் கையில் எடுத்து, கடைக்குள்ளேயே வீசுகிற மாதிரி ஓர் ஓங்கு ஓங்கினார். பின்பிடி போய் நச்சென்று வயிற்றில் இடித்தது.

"ஆண்டவரே!"

லோகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க ஆன்டி. தூண்டில் அங்கிளோடது, அங்கிள் கைக்குத்தான் கட்டினேன். வீட்டுல உங்க பேச்சைக் கேக்கட்டும். தண்ணியோரத்துலயாவது மனுஷனை விட்டுடுங்க."

சொல்லிவிட்டு, அங்கிள் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று பார்த்தான்.

"அடப்பாவி! கெடுத்தியே தம்பி!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் அங்கிள்.

ஆன்டி திட்டவில்லை. தூண்டிலை மெதுவாக மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "அப்போ இந்தச் சனிக்கிழமையும் இல்லையாங்க?" என்றார் புருஷனிடம்.

"என்ன அங்கிள் இது?" லோகனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு மண்புழுவைப் பார்த்தாலே தலை சுத்தும்பா. டெங்கில் மீன் குளத்துக்குப் போனா, கார்ல ஏர்கோனைப் போட்டுட்டுத் தூங்கறதோட சரி. பிடிக்கறது பூரா இவதான். வாரம் முழுக்க அடுப்படியில கிடக்கறவளுக்கு அந்த ஒரு காலைதான் சந்தோஷம். பழைய தூண்டில் ஒடிஞ்சதுலேர்ந்து மூஞ்சியே சரியில்ல."

"அப்போ ஃபேஸ்புக்ல நீங்க சியாக்காப் மீனைத் தூக்கிக்கிட்டு நிக்கற போட்டோ?"

"ரெண்டு கையிலயும் கிளவுஸ் போட்டிருப்பேனே, பார்க்கலையா?"

லோகனுக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. "மன்னிச்சுக்கங்க ஆன்டி. சனிக்கிழமைக்குள்ள நீங்க சொன்ன அளவுக்கே மாத்தித் தரேன். அதோட, தங்கக் கலர்ல 'கெர்ட்ரூட்'னு உங்க பேரையும் எழுதித் தரேன்."

"ஐயையோ, வேணாம்!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

ஆன்டி வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். அங்கிள் லோகன் பக்கம் குனிந்தார்.

"வீட்டுல எங்க அக்கா ரெண்டு பேரு இருக்காங்க தம்பி. இவ மீன் பிடிக்கப் போறான்னு தெரிஞ்சா, பொம்பளைக்கு இது ஒரு கேடான்னு வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. நான் போறேன், இவ துணைக்கு வரான்னு சொன்னா, 'பாவம் கெர்ட்ரூட், இந்த உருப்படாதவனைக் கட்டிக்கிட்டு என்ன பாடுபடறா'ன்னு இவளுக்கு நாசி லெமாக் சோறு கட்டிக் குடுத்து அனுப்பறாங்க. அதனால என் பேரையே பெருசா எழுது. மீனை அவ பிடிக்கட்டும், திட்டை நான் வாங்கிக்கறேன்!"