இடப்பக்க முன் டயர்

"அண்ணே, காத்துப் பாத்தியாண்ணே?"

வாடிப்பட்டியைக் கடந்ததும் பின்னிருக்கையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. அழகுபாண்டி தமது வாடகைக் காரைச் சாலையோரம் நிறுத்தி இறங்கினார். நான்கு டயர்களிலும் காற்றின் அளவைச் சரிபார்த்தார். புறப்படும்போது இருந்த அளவே இருந்தது.

பின்னிருக்கையில் எவரும் இல்லை. குரலுக்குரிய தம்பி கருத்தக்கண்ணன் இறந்து ஓராண்டுக்கும் மேலாகிறது.

முன்னிருக்கையில் இருந்தவர் சிவக்குமார். அழகுபாண்டியுடைய மனைவியின் தம்பி. மீண்டும் புறப்படுகையில் அவர் இடது தோளின் மேலாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, வலது தோளைத் தேய்த்துக்கொண்டார். விபத்தன்று பெல்ட் அறுத்த தழும்பு அங்கே இருந்தது. வெயில் ஏறினால் அரிக்கும்.

அன்று கருத்தக்கண்ணன் திருச்சியில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, பேச்சுத் துணைக்குச் சென்றிருந்தவர் சிவக்குமார். கொட்டாம்பட்டி அருகே இடப்பக்க முன் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் உருண்டது என்று பிழைத்து வந்த அவர்தாம் சொன்னார்.

அந்த டயரின் வெளியோரம் வழவழவென்று தேய்ந்திருந்ததை முதல்நாளே தம்பி தொட்டுக் காட்டியிருந்தார். அழகுபாண்டியும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும்டா, வந்து மாத்திக்கலாம்" என்றார்.

அதன்பின் அவர் ஒருநாளும் டயரைப் பாராமல் வண்டியை எடுத்ததில்லை. சக்கரம் சூடேறும் முன்பே காற்றை அளப்பார். பக்கச்சுவரில் வீக்கம் உண்டா என்று தடவுவார். தேய்மானம் அறிய, பட்டன்களின் இடைப்பள்ளத்தில் நாணயம் செருகிப் பார்ப்பார். ஆயினும் குரல் நிற்கவில்லை. தம்பியின் மனைவி அன்னக்கொடியின் முகத்தைப் பார்க்க அஞ்சி, அவ்வீட்டு வாசலையும் அவர் மிதிப்பதில்லை.

இனித் தாங்காது என்று தோன்றியதால், ஓட்டுநர் தொழிலையே விட்டுவிடத் தீர்மானித்தார். மாலையில் காரை வேறொருவரிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு.

அதற்கு முன் ஒரு காரியம் மிச்சமிருந்தது. உயிரைக் குடித்த வண்டியை வீட்டார் பார்க்கக் கூடாது என்று உறவினர்கள் தடுத்திருந்ததால், சிதைந்த காரை அவர் கண்டதேயில்லை. சிவக்குமார்தாம் எல்லாவற்றையும் முன்னின்று கவனித்து, அதனைப் பழைய இரும்புக் கடையில் விட்டிருந்தார். வழக்கு முடிந்து, இன்று அதை உடைக்க எடுத்துச் செல்கிறார்கள். அந்த டயரை ஒருமுறை தொட்டு மன்னிப்புக் கேட்க அழகுபாண்டி விரும்பினார்.

"வேணாம் மச்சான். பாத்தா இருக்குற தூக்கமும் போயிரும். நீங்க வண்டியிலயே இருங்க, நான் முடிச்சுட்டு வாரேன்" என்று கடை வாசலிலும் சிவக்குமார் கெஞ்சினார். அந்தப் பரிவு அழகுபாண்டியின் கண்களைக் கலங்கச் செய்தது. ஆனாலும் இறங்கி நடந்தார்.

சீமைக்கருவேலம் புதருக்கருகே, கூரை நசுங்கிய கார் காற்றிழந்த ஒரு டயரின் மேல் சாய்ந்து படுத்துக் கிடந்தது. கடைக்காரர் இம்மானுவேல் காற்றடிக்கும் குழாயுடன் நின்றார். மூன்று சக்கரங்கள் ஏற்கெனவே நிமிர்ந்திருந்தன.

"உருட்டித்தானண்ணே லாரில ஏத்தணும். படுத்து ரொம்ப நாளாச்சுல்ல, எந்திரிக்க மாட்டேங்குறாரு" என்று சிரித்தவாறே அவர் இடப்பக்க முன் சக்கரத்தின் அருகே குந்தினார்.

அது வெடித்த டயர், அதில் காற்று நிற்காது என்று அழகுபாண்டி மெல்லச் சொன்னார். அதற்குள் குழாய் சீறத் தொடங்கியிருந்தது.

உறங்கியவர் மூச்சை உள்ளிழுப்பதுபோல் டயர் மெதுவாகப் புடைத்தது. காரின் முன்பக்கம் அழகுபாண்டியை நோக்கித் தலை தூக்கியது.

அவர் அருகே விரைந்தார். மண்டியிட்டு, டயரைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவினார். வெளியோரத்தில் அதே வழவழப்பு. கிழிசல் எங்கும் இல்லை. காதை வைத்துக் கேட்டார். காற்றுக் கசியும் ஓசையும் இல்லை.

"டயர மாத்துனீகளா?"

வந்து இறங்கிய நாளிலிருந்து ஒருவரும் கை வைக்கவில்லை என்றார் இம்மானுவேல்.

அழகுபாண்டி எழுந்து திரும்பினார். சற்றுத் தொலைவில் சிவக்குமார் தரையில் அமர்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார்.

"இது வெடிக்கவே இல்லையே. அப்ப என்னதான் நடந்துச்சு மாப்ள?"

விரல்களுக்கிடையிலிருந்து மிகத் தாழ்ந்த குரல் வந்தது.

"சின்ன மச்சான் பக்கத்து சீட்ல தூங்கிக்கிட்டு இருந்தாரு மச்சான், ஓட்டுனது நான்."