மாற்றிய பாஸ்வேர்டு

பக்கத்துப் போர்ஷன் பூங்கோதைக்குக் காது கேட்காது, பேச்சும் வராது, எழுதப் படிக்கவும் தெரியாது. அவளைப் போலவே பிறந்த மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். நவநீதம் கொடுத்திருந்த வைஃபையில்தான் தாயும் மகளும் தினமும் சாயங்காலம் முகம் பார்த்துக் கைகளால் பேசிக்கொள்வார்கள்.

"மேட்ச் நின்னு நின்னு வருது. ஊருக்கே வைஃபையைத் தூக்கிக் குடுத்தா இப்படித்தான்" என்று கணவர் எரிந்து விழுந்த அன்று, நவநீதம் யாரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினாள்.

மறுநாள் பூங்கோதை போனோடு வந்து, கெட்டுப்போய்விட்டதா என்று சைகையில் கேட்டாள். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தெரியாதென்று நவநீதம் உதட்டைப் பிதுக்கினாள்.

நாலாம் நாள் அந்த வீடு பூட்டியிருந்தது. "புள்ளைக்கு என்ன ஆச்சோன்னு அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் போயிருக்கு, பாவம்" என்றாள் கீழ்வீட்டு சொர்ணம். நவநீதம் ஓடிப்போய்ப் பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டாள். வந்து கேட்டபோதே செய்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்த பூங்கோதை, சாயங்காலம் வாசலில் நின்று போனைத் தூக்கிக் காட்டினாள். தானாகவே சரியாகிவிட்டதாம். முகமெல்லாம் சிரிப்பு. நவநீதத்தின் கையைப் பிடித்திழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். விடுதியிலிருந்த பெண் சிரிக்கவில்லை. நவநீதத்தையே பார்த்து, பூட்டிப் பிறகு திறப்பதுபோல் இரண்டு கைகளாலும் நிதானமாகக் காட்டிக் கேட்டாள். அதைப் பார்த்த பூங்கோதையின் சிரிப்பு மெல்ல அடங்கியது. இருவரும் நவநீதத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.