உட்கார்ந்து பார்க்க வந்தவர்

“கிட்டார் வாசிப்பீங்களா சார்?”

“இல்லம்மா.”

“கத்துக்கப் போறீங்களா?”

“அந்த உத்தேசமும் இல்லை.”

விற்பனைப் பெண்ணுக்கு அப்போதே மனசில் என்னவோ இடறியது. வாசிக்கவும் தெரியாது, கத்துக்கவும் போவதில்லை. ஆனால் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் கிட்டாருக்கு முட்டுக் கொடுக்கிற சாமான் என்னென்ன உண்டோ அத்தனையும் எடுத்துக் காட்டச் சொல்கிறார். தோளில் ஒரு துணிப்பை வேறு. அதன் வாயைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

கடை அவளுடைய சித்தப்பாவுடையது. போன மாதம் சுருதி பார்க்கிற சின்னக் கருவி இரண்டு காணாமல் போனதிலிருந்து அவருக்குச் சிடுசிடுப்பு. “இன்னொரு சாமான் போச்சுன்னா அண்ணன் பொண்ணுன்னு பார்க்க மாட்டேன். வீட்டோட இருந்துக்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைக்குள் யார் நுழைந்தாலும் அவள் கண் அவர்கள் கைமேல்தான்.

மூன்று சாமான்களை மேஜைமேல் வைத்தாள்.

“இது கால் பலகை. இடது காலைத் தூக்கி இதுமேல வச்சுக்கணும். கிட்டார் தானா உயரும்.”

“காலைத் தூக்கினா தொடை வயித்துல இடிக்காதா?”

வயிறு என்று ஒன்று இருந்தால்தானே இடிக்க. ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தார்.

“அப்ப இந்த மெத்தை. தொடைமேல வச்சு, அதுமேல கிட்டாரை வைக்கணும். இல்லேன்னா இந்தத் தாங்கி. ரப்பர்க் குமிழை அழுத்தினா கிட்டாரோட பக்கவாட்டுல ஒட்டிக்கும். ரெண்டு காலும் தரையிலேயே இருக்கலாம்.”

“குனியாம மாட்டிக் கழட்டலாமா?”

“கழட்டலாம். யாருக்கு சார் வாங்கறீங்க?”

“வீட்டுல ஒருத்தருக்கு.”

“அவங்களையே கூட்டிட்டு வாங்களேன். அவங்க உட்கார்ந்து பார்த்தாத்தான் சரியாத் தெரியும்.”

அவர் கடைக்கோடியில் திரை போட்ட சின்ன அறையைப் பார்த்தார். வாங்குகிறவர்கள் வாசித்துப் பார்க்கிற அறை அது.

“நானே அங்க போய் உட்கார்ந்து பார்த்துக்கறேனே.”

“இங்கேயே உட்காரலாமே சார், ஸ்டூல் இருக்கு.”

“நாலு பேர் முன்னாடி வேண்டாம்மா. கூச்சமா இருக்கு.”

உட்காருவதில் என்ன கூச்சம்? வேறு வழியில்லாமல் மூன்று சாமான்களையும் ஒரு கிட்டாரையும் கொடுத்தாள். கிட்டாரை மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு தந்திகூட முனகவில்லை. ஸ்டூல் கிறீச்சிடுவதும் அவர் உஸ்ஸென்று மூச்சு விடுவதும்தான் கேட்டது.

தூசி தட்டுகிற சாக்கில் அவள் அந்தப் பக்கமாகப் போனாள். திரை ஒரு விரல்கடை விலகியிருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே போகும்போது ஒட்டடைக் குச்சியாக இருந்த மனிதருக்கு இப்போது குடம் மாதிரி வயிறு. சட்டைப் பொத்தான்கள் தெறித்துவிடும்போல இழுத்துக்கொண்டு நின்றன. பலகை தரையில் கிடந்தது. தாங்கி ஒரு மூலையில் இருந்தது. மெத்தையைக் காணவில்லை.

ஓட்டமும் நடையுமாகச் சித்தப்பாவிடம் போனாள்.

“சித்தப்பா, உள்ள ஒருத்தர் மெத்தையைச் சட்டைக்குள்ள திணிச்சு வச்சிருக்கார். என் கண்ணால பார்த்தேன்.”

“அப்படியா சேதி? நீ போய் வாசக்கதவைச் சாத்து.”

சித்தப்பா போன வேகத்தில் திரை வளையங்கள் இரண்டு கழன்று விழுந்தன. வயலின் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றுகொண்டார்கள்.

“சட்டைக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?”

அவருக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. “என்னோடதுதாங்க அது.”

“பிடிபட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எடுங்க வெளியில.”

“உங்க மெத்தை இதோ இருக்குங்க.” மடியிலிருந்த கிட்டாரைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் தொடைமேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது மெத்தை.

“அப்ப உள்ள இருக்கறது?”

அவர் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே உறை வெளுத்துப்போன ஒரு தலையணை. துண்டால் சுற்றி இடுப்போடு இறுக்கிக் கட்டியிருந்தது.

விற்பனைப் பெண்ணுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சித்தப்பா மட்டும் விடுவதாக இல்லை.

“இத்தனை வருஷத்துல வீட்டுத் தலையணையை வயித்துல கட்டிக்கிட்டு நிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். என்னய்யா வேஷம் இது?”

அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

“என் மனைவிக்கு எட்டாம் மாசம்மா. வீட்டை விட்டு அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கிட்டாரைத் தொடாம அவளால இருக்க முடியலை. எப்படி வச்சாலும் வயித்துல இடிக்குதுங்கறா. அதான், அந்த வயித்தோட நான் வந்து உட்கார்ந்து பார்க்கறேன்.”