வரைபடத்தில் இல்லாத ஊற்று

சர்வேயர் கோல்மனின் தட்டில் மூன்றாவது மாட்டிறைச்சித் துண்டை வைத்தார் எல்பர்ட்.

“சாப்பிடுங்க சார். மலையேறி மலையேறி இளைச்சுப் போயிட்டீங்க.”

கோல்மனின் சட்டைப் பொத்தான்கள் அப்படிச் சொல்லவில்லை.

வயோமிங்கின் அந்த மலைப்பகுதியை அரசாங்கம் முதன்முறையாக வரைபடமாக்கிக்கொண்டிருந்தது. மேடு, பள்ளம், ஓடை என்று எதையும் விடாமல் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தார் கோல்மன். அடுத்தது, எல்பர்ட்டின் பண்ணைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தாக்கு. அங்கே பாறையிடுக்கில் ஓர் ஊற்று. கோடையில் எல்பர்ட்டின் மாடுகளுக்கு அதை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

“அது சர்க்கார் நிலம் சார். மேப்புல ஏறிச்சுன்னா எவனாவது மனு போட்டு வாங்கிடுவான். என் மாடெல்லாம் செத்துடும்.”

“நீங்களே மனு போடலாமே?”

“ஆளுக்கு ஒரு தடவைதான் குடுப்பாங்க. என் முறை இந்த வீட்டு நிலத்தோட முடிஞ்சுபோச்சு.”

ஆப்பிள் கேக்கோடு வந்த தங்கை ஹெட்டி நின்றாள். “அப்போ வேற யாராச்சும் கேட்டா குடுப்பாங்களா, அண்ணே?”

“அதானே பயமே! நீ போய் காப்பியக் கொண்டா.”

கேக் தீர்ந்தபோது கோல்மன் ஒப்புக்கொண்டிருந்தார். மலையில் ஓர் ஊற்று கண்ணில் படாமல் போவது பெரிய குற்றமா என்ன?

மறு வருடம் வரைபடம் அச்சாகி வந்தது. பள்ளத்தாக்கில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஊற்று இல்லை. எல்பர்ட் தாளை முத்தமிட்டார். கூடச் சேர்ந்து சந்தோஷப்பட ஹெட்டி இல்லை. சிநேகிதிக்குப் பிரசவம் என்று டவுனுக்குப் போனவள் ஒரு மாதமாகத் திரும்பவில்லை. டப்பா பீன்ஸைச் சூடாக்கித் தின்றுவிட்டு, அந்தக் கோடையில் முதல் தடவையாக மாடுகளை ஊற்றுக்கு ஓட்டினார்.

ஊற்றைச் சுற்றி முள்கம்பி வேலி. உள்ளே புது மரக்குடிசை. புகைபோக்கியில் புகை.

தாகத்தில் மாடுகள் வேலியோரம் நின்று கத்தின. எல்பர்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஊற்றைப் பற்றித் தெரிந்த வெளியாள் ஒருவன்தான். துப்பாக்கியை எடுத்தார்.

“கோல்மன்! வெளிய வாடா! என் வீட்டுல உக்காந்து வயிறு முட்டத் தின்னுட்டு, எனக்கே குழி தோண்டிட்டியேடா!”

குடிசைக் கதவு திறந்தது. கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே வந்த ஹெட்டி, வேலிப்படலைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டாள். அண்ணனை மட்டும் வெளியே நிறுத்திப் படலைச் சாத்தினாள்.

“அவர் சாப்பிட்டதோட சரி, அண்ணே. மனு போட்டது, பரிமாறினவ.”