நாச்சம்மாளின் மூன்று நாள்

"எட்டத்திலேயே இரு! உன்ற நெழலு எம்மேல படக்கூடாது!"

ராமக்காள் சோற்றுத் தட்டைக் கொல்லைக் கொட்டடியின் வாசலில் வைத்து, மூங்கில் கழியால் உள்ளே தள்ளிவிட்டாள். மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் ஒதுங்கியிருக்கும் கொட்டடி அது. அவள் தம்பி லிங்கப்பனின் மனைவி நாச்சம்மாள் கோரைப்பாயில் முடங்கிக் கிடந்தாள். ஐம்பதை நெருங்கும் உடம்பு. தலை நிமிராமல் தட்டை இழுத்துக்கொண்டாள்.

விலக்கு, தீட்டு என்று வந்துவிட்டால் ராமக்காளை மிஞ்ச மைசூர் சந்தேப்பேட்டையில் ஆள் கிடையாது. தாலியறுத்துத் திரும்பி வந்த நாளிலிருந்து தம்பி வீட்டு மானத்துக்கு அவள்தான் காவல். தீட்டுத் துணி வெளுக்க வண்ணாத்தி வருவதைக்கூட நிறுத்திவிட்டாள். நம் வீட்டுத் துணியை ஊரார் கை ஏன் தொட வேண்டும் என்பது அவள் கட்சி.

கொல்லைக்கு வந்த லிங்கப்பன் கொட்டடியைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"இந்த மாசமும் உக்காந்துட்டாளா?"

"உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நாலும் பொட்டையாப் பெத்துப் போட்டா. அது போதாதுன்னு இந்த எழவு வேற நிக்க மாட்டேங்குது!"

அவனுக்கு அது நின்றாக வேண்டும். நாச்சம்மாளுக்குப் பிள்ளை பெறும் காலம் இருக்கும்வரை இன்னொருத்திக்குத் தாலி கட்டுவதில்லை என்று, கல்யாணத்தின்போது மாமனாருக்கு மாதேஸ்வரன் மலையில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். பட்டு மண்டியில் தராசு முள்ளைச் சாய்க்க அஞ்சாதவன், அந்த ஒரு சாமிக்கு மட்டும் அஞ்சினான். ஆனால் கொள்ளேகாலத்தில் பெண் மட்டும் பார்த்து வைத்துவிட்டான். நாச்சம்மாளுக்கு விலக்கு நின்றதென்று தெரிந்த மறுநாளே முகூர்த்தம்.

"மகாராஜாவோட தசராவுக்குள்ள நான் பதில் சொல்லலைன்னா பொண்ணை வேற எடத்துல குடுத்துருவாங்களாம்" என்றான். "அதான் ஆஸ்பத்திரி நர்ஸைக் கூட்டியாந்திருக்கறேன். நாள் நெருங்கிருச்சா, முடிஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

ராமக்காளின் முதுகு விறைத்தது. "விலக்கா இருக்கறவளை வேத்தாளு தொடறதா? நம்மூட்டுப் பொம்பள என்ன சந்தை மாடா, பல்லைப் புடிச்சுப் பாக்க?"

"நீ சும்மா இரு அக்கா."

வெள்ளைப் புடவையும் கைப்பெட்டியுமாக நர்ஸ் மெட்டில்டா வந்து நின்றாள். "என்னங்க பார்க்கணும்?"

"மாசாமாசம் இவளுக்குப் போற கெட்ட ரத்தம் எப்பத் தீரும்னு பாக்கோணும்."

"அது கெட்ட ரத்தம் இல்லீங்க. பிள்ளை தங்குறதுக்குக் கருப்பை மாசாமாசம் மெத்தை கட்டும். பிள்ளை தங்கலைன்னா அது கரைஞ்சு வெளிய வந்துரும். அதுக்குப் பேரு மாதவிடாய். அம்பது வயசு வாக்குல தானா நின்னுரும். வந்தாலும் சீக்கு இல்ல, நின்னாலும் சீக்கு இல்ல."

"பாடமெல்லாம் பள்ளிக்கூடத்துல போய் நடத்து. இருக்குதா, நின்னுதா, அதை மட்டும் சொல்லு. நின்னிருந்தா நாளைக்கே நான் வேறொருத்திக்குத் தாலி கட்டோணும்."

மெட்டில்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெற்றிலைக் காவி, தொந்தி, மூன்று விரலில் மோதிரம். "கட்டப்போற பொண்ணுக்கு என்ன வயசு?"

"பெரியவளாகி ஆறு மாசம் ஆவுது. நல்ல வளத்தி" என்று இளித்தான்.

ராமக்காள் செம்பருத்திப் பாத்தியில் காறித் துப்பினாள். நர்ஸ் குனிந்து கொட்டடிக்குள் போனாள். படல் சாத்தப்பட்டது.

ராமக்காள் அசையாமல் நின்றாள். இத்தனை காலம் கட்டிக் காத்த வீட்டு மானம் இப்போது எவளோ ஒருத்தியின் நாக்கில் இருந்தது.

வெளியே வந்த மெட்டில்டா ராமக்காள் ஊற்றிய தண்ணீரில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். லிங்கப்பன் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் நிக்கலீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நீங்க வேணா உள்ள போய்ப் பாருங்களேன்."

அவன் ஓரடி பின்வாங்கினான். தீட்டு என்றால் அவனுக்கு அத்தனை பயம்.

"இன்னும் எத்தனை வருஷம்?"

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. என்னால சொல்ல முடியாது."

"தரித்திரம் புடிச்ச முண்டம்!" லிங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளச் சொல்லி இன்றைக்கே கொள்ளேகாலத்துக்கு ஆள் அனுப்புவதாகக் கத்திக்கொண்டே போனான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நர்ஸும் நடந்தாள்.

வாசலில் ஜட்கா கிளம்பும் சத்தம் கேட்டது. ராமக்காள் கொல்லைக் கதவைத் தாழிட்டாள். எவருக்கும் வளையாத முதுகை வளைத்துக் கொட்டடிக்குள் நுழைந்தாள். நாச்சம்மாளை ஒட்டி அதே பாயில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை மாசத்துக்கு அண்ணி?" நாச்சம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"உனக்கு நின்னு மூணு வருஷமாச்சு. அந்த நாய்க்கு ஆசை நிக்கற வரைக்கும் உக்காரு!"