ஒன்பதாம் எண் மான்

மேசையில் இருபத்திரண்டு படங்கள் கிடந்தன. எதிலும் பெயர் இல்லை, எண் மட்டும். அதில் ஒன்று என் வீட்டுக்காரருடையது.

எது என்று அவர் சொல்லவில்லை. "சொன்னா நீ ஏதாவது தப்பு பண்ணுவ," என்று காலையில் சிரித்துக்கொண்டே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். ஓவிய ஆசிரியர். பெரிய நேர்மை.

நான் நகராட்சியில் கலைப் பிரிவு அதிகாரி. சதுக்கத்தில் வைக்கப்போகும் குளிர்கால விளக்கு அலங்காரத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேரில் ஒருத்தி. சொந்தக்காரர் யாராவது போட்டியில் இருந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

எழுந்து போகவில்லை.

ஐந்து வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார். போன வருடம் தோற்ற அன்று தூரிகைகளை எல்லாம் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினார். இந்த முறை இறக்கும்போது, இதுதான் கடைசி என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாப்பிட வா என்பதுபோலச் சொன்னார். எனக்குப் பயமாகிவிட்டது.

நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நட்சத்திரம், நட்சத்திரம், பனிமனிதன், மறுபடியும் நட்சத்திரம். எங்கள் ஊர்க்காரர்களின் கற்பனையை மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்பதாம் எண்ணில் கை நின்றது.

ஒரு மான். உடம்பெல்லாம் பல்பு. முன்கால் இரண்டும் குட்டை, பின்கால் இரண்டும் நெட்டை. யாராவது தும்மினால் குப்புற விழுந்துவிடும்.

சந்தேகமே இல்லை, இவர்தான். இவருக்கு மிருகங்களின் கால் மட்டும் வரவே வராது. ஒருமுறை என் அக்கா மகளுக்குக் குதிரை வரைந்து கொடுத்தார். அவள் அதற்குக் கீழே முதலை என்று எழுதி வைத்தாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்த மானை எப்படியாவது சதுக்கத்தில் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

குறுக்கே நின்றது பதினான்காம் எண்.

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் இரண்டரை மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலையின் நிழல் சதுக்கத்தின் ஒரு ஓரத்தில் ஏறி, மெல்ல மெல்ல மறு ஓரத்துக்குப் போகும். பதினான்காம் எண்காரர் தன் படத்தில் சதுக்கம் முழுக்க, முழங்கால் உயரத்தில் சின்னச் சின்ன விளக்குகளாக நட்டிருந்தார். நிழல் எந்த விளக்கைத் தொடுகிறதோ அந்த விளக்கு எரியும். நிழல் நகர நகர வெளிச்சமும் கூடவே நகரும். அவ்வளவுதான்.

அந்தப் படத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த நிழலைக் கண்டதும் ஜன்னலைச் சாத்துகிறவள் நான். ஒருவர் அதை வெளியே நின்று பார்த்திருக்கிறார்.

யாரென்றே தெரியாத அந்த ஆள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நன்றாக வரைய அந்த ஆளுக்கு இந்த வருடம்தானா கிடைத்தது?

குழுவில் இருந்த மின்பொறியாளரும் தலைமையாசிரியையும் பதினான்கு என்றார்கள். நகராட்சித் தலைவருக்கு மான் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம். தலைவர் சொன்னபிறகு விடுதிக்காரர் வேறு என்ன சொல்வார்? இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்க பாதி நாள் மேகம்தானே சார். அப்ப நிழலுக்கு எங்க போறது?" என்று பொறியாளரைக் கேட்டேன்.

அதோடு நான் விடவில்லை. குழந்தைகள் தடுக்கி விழும், பனி மூடிவிடும், நாய் வந்து காலைத் தூக்கும் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் அடுக்கினேன். தலைமையாசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மான் ஜெயித்தது.

தலைவர் ஒன்பதாம் எண்ணின் உறையைப் பிரித்துப் பெயரைப் படித்தார். பேருந்து நிலையத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். மற்ற உறைகளைப் பிரித்து, முகவரி எழுதி, படங்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. வரிசையாகப் பிரிக்கப் பொறுமையில்லை. நட்சத்திரங்களை முதலில் பிரித்தேன். பனிமனிதனைப் பிரித்தேன். இதில் ஒன்றாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன்.

இருபது உறைகள் முடிந்தன. மிச்சம் ஒன்று.

அதைப் பிரிக்கத் தேவையே இல்லை. ஆனாலும் பிரித்தேன். உள்ளே அவருடைய உருண்டை எழுத்து.

பதினான்கைக் கீழே வைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தபோதும், இது இவராக இருக்குமோ என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கோணல் கால் மானைப் பார்த்ததும்தான் தோன்றியது. அவ்வளவுதான் நான் அவருக்குக் கொடுத்திருந்த இடம். வெட்கத்தில் காது சுட்டது.

கைப்பேசி அடித்தது. அவர்தான். பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

"மான் ஒண்ணு ஜெயிச்சிருச்சுங்க," என்றேன்.

அவர் பக்கத்தில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவில் அவர் சிரிக்கப் பார்த்தார்.

"போனா போகுது விடு. என் படத்தைப் பார்த்ததுமே அது என்னுதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல, எனக்கு அது போதும்."

"தெரிஞ்சுதுங்க," என்றேன்.